தீப்பிடிக்காத பட்டறை

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மேற்கே போனால் பிறை. தெற்கே இறங்கினால் புக்கிட் மின்யாக், இன்னும் கீழே பத்து காவான். கிழக்கே கெடா எல்லையைத் தாண்டினால் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் ஏதாவதொரு மின்னணுத் தொழிற்சாலையின் வாசல் வந்துவிடும். கரும்பும், அதன்பின் ரப்பரும், அதற்கும் பின் செம்பனையும் நின்ற மண் இது. பினாங்கின் பெருநிலப் பகுதியான இந்தச் செபராங் பிறையின் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் கடல் கடந்து வந்தது அந்தத் தோட்டங்களுக்காகத்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போவது சிப்புகளைச் சோதிக்கும் வேலைக்கு.

இந்த மாற்றத்துக்கு ஓர் ஆண்டைக் குறிக்க வேண்டுமென்றால் 1972 என்று குறிக்கலாம். லிம் சோங் யூ பினாங்கின் முதலமைச்சராக இருந்த காலம் அது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வளாகம் உருவானது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் தொடங்கியது. ஏஎம்டி, எச்பி, போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றோடு இன்டெலையும் சேர்த்து ‘எட்டு சாமுராய்கள்’ என்று பினாங்கில் இன்றும் சொல்வார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் தீவும் பெருநிலமும் ஒரே வேலைச் சந்தையாயின.

2024 மே மாதம் மலேசிய அரசு தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தபோது 60,000 பொறியியலாளர்களை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. பொறியியலாளரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பேசவும் வேண்டும். ஆனால் நள்ளிரவு ஷிஃப்டில் இயந்திரம் நின்றுபோனால் மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவர் டெக்னீஷியன். அவரை உருவாக்கும் இடங்கள் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. புக்கிட் மின்யாக்கில் ஜப்பானின் ஒத்துழைப்போடு தொடங்கிய ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம், பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக், 2012 முதல் பழைய தொழிற்பள்ளிகளிலிருந்து மாறி வந்த தொழிற்கல்லூரிகள் என்று பட்டியல் நீளும். பாலத்துக்கு அந்தப் பக்கம், 1989-இல் தொழிற்சாலைகளே முன்னின்று அமைத்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. திவெட் (தொழில்நுட்பத் தொழிற்கல்வி) என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் இந்தக் கல்விக்குள் பதினாறு, பதினேழு வயதில் நுழையும் ஒரு பிள்ளைக்கு மின்சாரம் என்பதை எப்படிப் புரியவைப்பது? அந்தப் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அதற்கு எவ்வளவு தூரம் உதவும்?

முதலில் அந்தக் கல்வியின் இடைஞ்சலைப் பார்த்துவிடுவோம். தச்சுப் பட்டறையில் மரம் தெரியும், உளி தெரியும், பிசகினால் பிசகும் தெரியும். மோட்டார் பட்டறையில் எண்ணெய் ஒழுகினால் தரை நனையும். எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் நடப்பது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. பச்சைப் பலகை, நான்கைந்து உறுப்புகள், இரண்டு கம்பிகள். சரியாக வேலை செய்யும் சர்க்யூட்டும் செத்துப்போன சர்க்யூட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே மாணவர் தன் தலைக்குள் ஒரு படம் வரைந்துகொள்கிறார். அந்தப் படம் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது.

எவ்வளவு தப்பு என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கேள்வி மிக எளிது. ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள், ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். முதல் பேட்டரியில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்கவாட்டில், அதாவது பக்க இணைப்பில். ஐந்து பல்புகளையும் வெளிச்சத்தின் அளவில் வரிசைப்படுத்த வேண்டும். தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக எரியும், தொடரிணைப்பில் உள்ள இரண்டும் தங்களுக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும் என்பதே விடை. கணக்கே போட வேண்டாம். ஆனாலும் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர்தான் சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துவதற்கு முன் கேட்டாலும் பின் கேட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. ஓம் விதியில் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் தடுக்கி விழுந்தார்கள்.

தவறும் தற்செயலானதல்ல. உலகெங்கும் மாணவர்கள் அதே இரண்டு மூன்று குழிகளில்தான் விழுகிறார்கள். செபராங் பிறையின் ஏதோவொரு பட்டறையில் ஒரு மாணவர் தன் பயிற்றுநரிடம் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

“சார், ரெண்டாவது பல்பு கொஞ்சம் மங்கலாத்தானே எரியணும்? மொதல் பல்பு கரண்ட்ட தின்னுடுமே?”

“யார் சொன்னா தின்னுடும்னு? ஃபோன எடு தம்பி. போட்டுப் பாரு.”

‘மின்னோட்டம் வழியில் செலவாகிறது’ என்பது முதல் குழி. ‘எதை மாட்டினாலும் பேட்டரி ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும்’ என்பது இரண்டாவது. மூன்றாவது இன்னும் நுட்பமானது: மின்னோட்டம் பேட்டரியில் புறப்பட்டு ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துக்கொண்டே போகிறது, முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது என்ற எண்ணம். உண்மையில் சர்க்யூட்டின் ஒரு மூலையில் ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் மற்ற மூலைகளிலும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் மாறிவிடக்கூடும். சர்க்யூட் ஒரு முழுமை. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கரும்பலகையில் வரைந்த படம் அசையாதே!

கைப்பேசிச் செயலி இங்கேதான் வேலைக்கு வருகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் மின்சுற்றுக் கருவிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். இலவசம். கைப்பேசியின் உலாவியிலேயே ஓடும். விரலால் ஒரு பேட்டரியை இழுத்துப் போடலாம், கம்பியை நீட்டலாம், பல்பை மாட்டலாம். மாட்டிய நொடியில் கம்பி முழுவதும் சின்னச் சின்ன உருண்டைகள் நகரத் தொடங்கும். பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். அந்த மாணவர் கண் எதிரே தன் முதல் குழி தூர்ந்துபோவதைப் பார்க்கிறார். தொடரில் இன்னொரு பல்பை மாட்டியதும் எல்லா உருண்டைகளும் ஒரே சமயத்தில் மெதுவாகின்றன. மூன்றாவது குழியும் தூர்ந்தது. கம்பியை நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் தீச்சுவாலை எழுகிறது. யாருக்கும் கை சுடவில்லை, எந்தப் பொருளும் வீணாகவில்லை.

இதே கருவிப்பெட்டியை வைத்து நோவா ஃபிங்கல்ஸ்டீன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் உண்மையான பல்பு, கம்பி, மீட்டரோடு ஆய்வகத்தில் பயின்றார்கள். இன்னொரு பகுதியினர் திரையில் மட்டும் பயின்றார்கள். பிறகு இரு தரப்பினருக்கும் உண்மையான பொருள்களைக் கொடுத்து ஒரு சர்க்யூட்டைக் கட்டச் சொல்லி, அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று எழுதச் சொன்னார்கள். திரையில் பயின்றவர்களே வேகமாகக் கட்டினார்கள், நன்றாகவும் விளக்கினார்கள். நிஜப் பல்பைத் தொட்டுப் பழகியவர்கள் பின்தங்கினார்கள்! காரணம் யோசித்தால் புரியும். நிஜ மேசையில் மாணவரின் கவனம் தளர்ந்த கம்பியிலும், எரியாத பல்பிலும், கம்பியின் நிறத்திலும்கூடச் சிதறிப் போகிறது. திரையில் பார்க்க வேண்டியது மட்டும் தெரிகிறது.

அந்த ஆய்வை வைத்துப் பட்டறைகளை மூடிவிடலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே படித்தவர்கள் இயற்பியல் மாணவர்கள், கட்டியது பல்புச் சர்க்யூட். சால்டரிங் பிடித்து, பலகையைப் பழுது பார்த்துச் சம்பாதிக்கப் போகிறவர்கள் அல்ல அவர்கள். அந்த வேறுபாட்டுக்கு வருமுன், செயலியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கைக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நூற்றெழுபது ஆண்டுக்கும் மேலான அறிவு இருக்கிறது.

1845-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த கிர்காஃப் என்ற இளைஞர் இரண்டு விதிகளை எழுதினார். ஒரு சந்திப்பில் வந்து சேரும் மின்னோட்டமும் அங்கிருந்து கிளம்பிப் போகும் மின்னோட்டமும் சமம். ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். இந்த இரண்டையும் வைத்து எந்தச் சர்க்யூட்டையும் சமன்பாடுகளாக மாற்றிவிடலாம். நாம் திரையில் ஒரு கம்பியை மாட்டும்போது செயலி செய்வது அதைத்தான். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் தீர்க்கிறது. ஒரே மூச்சில் என்பது முக்கியம். உறுப்பு உறுப்பாக அது நடந்து போவதில்லை. மாணவர் கற்றுக்கொள்ள வேண்டிய அந்த ‘முழுமை’ செயலியின் கணக்கு முறையிலேயே இருக்கிறது.

ரெசிஸ்டர்கள் மட்டும் இருந்தால் வேலை சுலபம். டயோடு வந்தால் சிக்கல். டயோடில் மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிப்பதில்லை. அறை வெப்பநிலையில் ஓர் இலட்சிய டயோடில் சுமார் 60 மில்லிவோல்ட் கூடினாலே மின்னோட்டம் 10 மடங்காகிவிடும். இதை நேராகத் தீர்க்க வழியில்லை. 5 வோல்ட் சப்ளை, 330 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி முதலில் ஓர் ஊகம் செய்கிறது: எல்இடியில் 1.7 வோல்ட் நிற்கிறதா? அப்படியானால் ரெசிஸ்டர் வழியாக 10 மில்லிஆம்பியர் வர வேண்டும். ஆனால் அந்த எல்இடி 1.7 வோல்ட்டில் அவ்வளவு மின்னோட்டத்தை விடாதே! ஊகத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறது. மறுபடி ஒப்பிடுகிறது. 2 வோல்ட்டை நெருங்கும்போது ரெசிஸ்டரின் கணக்கும் எல்இடியின் கணக்கும் 9 மில்லிஆம்பியர் அளவில் ஒத்துப்போகின்றன. அதைத் திரையில் காட்டுகிறது. விரலை எடுப்பதற்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

இந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பங்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு உண்டு. லாரன்ஸ் நேகல் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் ஆசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் எழுதிய ‘ஸ்பைஸ்’ என்ற நிரல் 1973-இல் வெளிவந்தது. அன்றைக்கு சர்க்யூட்டை விவரிக்கத் துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கணினி அறையில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். பெடர்சன் குழு அந்த நிரலைப் பூட்டி வைக்காமல் வெளியே கொடுத்தது. அதனால்தான் அது உலகெங்கும் பரவி, பல வடிவம் எடுத்து, இன்று சிப் வடிவமைப்பாளர்களின் மேசைக்கும் மாணவர்களின் கைக்கும் வந்திருக்கிறது. அறிவைப் பகிர்ந்தவர்களுக்கு ஒரு தொழிற்கல்லூரி மாணவர் இவ்வளவு நேரடியாகக் கடன்பட்டிருக்கும் துறைகள் குறைவு.

பல்பைத் தாண்டி, தொழிற்கல்விப் பாடத்துக்குள் வருவோம். பாயான் லெப்பாஸ் வளாகம் பிறந்த அதே 1972-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் 555 என்ற டைமர் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த அந்த எட்டுக்கால் சிப்பைத் தொடாமல் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த மாணவர் அபூர்வம். 1 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. கட்டி முடித்தால் எல்இடி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை கண்சிமிட்டும். ஏன் சிமிட்டுகிறது என்பதுதான் கேள்வி. கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் 3 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏறுகிறது. 6 வோல்ட்டைத் தொட்டதும் சிப் உள்ளே ஒரு கதவைத் திறந்து அதை இறக்கிவிடுகிறது. 3-க்கு வந்ததும் கதவு மூடி மறுபடி ஏற்றம். மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் குதிப்பதுதான் தெரியும். ஆஸிலோஸ்கோப் வேண்டும். பட்டறையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், மாணவர்களோ இருபது முப்பது பேர்.

‘எவ்ரிசர்க்யூட்’ போன்ற செயலியில் அதே சர்க்யூட்டைக் கட்டி அந்தக் கெப்பாசிட்டரின் முனையைத் தொட்டால், ரம்பப் பல்போல ஏறி இறங்கும் கோடு திரையில் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலால் ரெசிஸ்டரின் மதிப்பைத் திருகலாம். மதிப்பு ஏற ஏறப் பற்கள் அகலமாகின்றன, எல்இடி சோம்பேறியாகிறது. ஆனால் 3-ம் 6-ம் மாறவே இல்லை. அந்த இரண்டு எல்லைகளும் சிப்புக்குள் இருக்கின்றன, வெளியே நாம் மாட்டும் பொருள் வேகத்தை மட்டுமே மாற்றும் என்பதைப் புத்தகம் ஒரு பக்கம் எழுதிச் சொல்லும். இங்கே விரல் கண்டுபிடிக்கிறது. கைப்பேசியைக் கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாதாட எனக்கு இந்த ஒரு பாடம் போதும்.

மேசைக்குத் திரும்புவோம். செயலி 0.95 வினாடி என்று சொன்ன அந்தச் சிமிட்டல், உண்மையான கெப்பாசிட்டரை மாட்டினால் அப்படி வருவதில்லை. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மதிப்பு சாதாரணமாக 20 விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம். ஆகவே 0.76 வினாடிக்கும் 1.14 வினாடிக்கும் இடையில் எது வந்தாலும் பொருள் நல்ல பொருள்தான். ரெசிஸ்டரின் தங்க வளையம் 5 விழுக்காடு என்று சொல்கிறது. பேட்டரி பழசானால் அதன் உள்மின்தடை கூடியிருக்கும். பிரெட்போர்டின் ஏதோவொரு துளையில் பிடிப்பு தளர்ந்திருக்கும். செயலியின் உலகத்தில் எந்தக் கம்பியும் தளர்வதில்லை, எந்தப் பொருளும் வயசாவதில்லை. டெக்னீஷியனின் வாழ்நாள் வேலை முழுவதும் தளர்ந்ததையும் வயசானதையும் தேடுவதுதான்.

செயலி சொல்லும் சில பொய்களையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். கம்பியில் ஓடும் அந்த உருண்டைகள் இருக்கின்றனவே, நிஜத்தில் எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவற்றின் சராசரி நகர்வு நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது, எலக்ட்ரான் ஓடி வந்து சேர்ந்ததால் அல்ல. மின்புலம் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் பரவி, கம்பியெங்கும் ஏற்கெனவே இருக்கிற எலக்ட்ரான்களை ஒரே சமயத்தில் அசைத்துவிடுவதால். திரையின் உருண்டைகள் அளவைக் காட்டும் குறிகள் மட்டுமே. இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு குழியைத் தூர்த்து இன்னொன்றைத் தோண்டியதாகும்.

சால்டரிங் விஷயத்தில் எந்தச் செயலியும் கைகொடுக்காது. ஈயம் கலந்த பழைய சால்டர் 183 பாகை செல்சியஸில் உருகியது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு தொழிற்சாலைகளில் பரவலான ஈயமில்லாச் சால்டர் ஏறத்தாழ 217 பாகையில்தான் உருகத் தொடங்குகிறது. அந்த முப்பத்து நான்கு பாகை வித்தியாசத்தில் பழகிய கையும் தடுமாறும். சூடு குறைந்தால் சால்டர் உருண்டு நிற்கும், பார்வைக்கு ஒட்டியதுபோல இருந்து ஆறு மாதம் கழித்து விட்டுப்போகும். சூடு கூடினால் செம்புத் தடமே பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும். எப்போது கம்பியை வைப்பது, எப்போது எடுப்பது என்பதை மணிக்கட்டுதான் கற்றுக்கொள்கிறது. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது பால் வர வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது. அந்த ஆழம் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியின் கைக்குத் தெரிந்திருந்தது, அவரால் அதைச் சொற்களில் சொல்ல முடிந்திருக்காது. சால்டரிங் கைக்கு வருவதும் அப்படித்தான், மரம் மரமாகச் சீவிப் பழகியதுபோல இணைப்பு இணைப்பாகச் செய்துதான் வரும்.

ஆனால் கைப்பேசியைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. அது படம் காட்டும் பெட்டி மட்டுமல்ல, அளக்கும் கருவியும்கூட. அதற்குள் காந்தப்புல உணரி, முடுக்கம் அளக்கும் உணரி, ஒலிவாங்கி, கேமரா எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி அந்த உணரிகளைத் திறந்து விட்டுவிடுகிறது. கைப்பேசியை மேசையில் படுக்க வைத்து, அதன் காந்த உணரிக்கு 2 சென்டிமீட்டர் மேலே ஒரு கம்பியை வடக்குத் தெற்காகக் கட்டுங்கள். பட்டறையின் பவர் சப்ளையை 1 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்து மின்சாரத்தை விடுங்கள். திரையில் கிழக்கு மேற்குத் திசையின் அளவு 10 மைக்ரோடெஸ்லா மாறும். கம்பியைத் தலைகீழாக மாட்டினால் மாற்றமும் எதிர்த்திசைக்குத் திரும்பும். பினாங்கில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகவே ஓடுகிறது. ஆகவே கைப்பேசியின் திசைகாட்டி சுமார் 14 பாகை விலகி நிற்கும். 1820-இல் ஓர்ஸ்டெட் ஒரு காந்த ஊசியை வைத்துப் பார்த்து உலகை அசைத்த சோதனை இது. தொடாமலே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் தத்துவமும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இன்னொன்று இதைவிட எளிது. வேலை செய்யாத டிவி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடி பல கேமராக்களில் ஊதா கலந்த வெள்ளையாய் மின்னும். மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில். பல கைப்பேசிகளில் முன்பக்கக் கேமராவில் இன்னும் நன்றாகத் தெரியும். ரிப்பேர் கடைக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் சோதனை.

மொழியின் பாரமும் இதில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது. பட்டறையில் விளக்கம் மலாயில், சிப்பின் தரவுத்தாள் ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது தமிழில். ஒரு கருத்தைப் பிடிப்பதற்குள் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பிடிபடாதபோது “எனக்கு மண்டையில ஏறாது” என்று அந்தப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது. அசையும் படத்துக்கு முன்னால் அந்த மூன்று வாசல்களும் திறந்தே கிடக்கின்றன. முதலில் கண் புரிந்துகொள்ளட்டும், சொற்கள் பின்னால் வந்து சேரும். ஃபெட் சிமுலேஷன்களில் சிலவற்றுக்கு மலாய், தமிழ் வடிவங்களும் உண்டு. ஐஐடி பம்பாயில் தொடங்கிய ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டத்தில் தமிழ்க் குரலிலேயே மென்பொருள் பாடங்கள் கிடைக்கின்றன. வீட்டில் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் விளங்கும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பட்டறைகள் மூடின, விடுதி மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பூட்டிய அறைக்குள் இருந்தன. ஜூனில் கல்வி அமைச்சு ‘டெலிமா’ என்ற மின்கற்றல் தளத்தைத் திறந்தது. அந்த மாதங்களில் உலகெங்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்கள் டிங்கர்கேட், ஃபெட் போன்ற திரைச் சர்க்யூட் கருவிகளைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள். அவசரத்துக்குக் கைகொடுத்த கருவியை நிதானமாக எங்கே வைப்பது என்று யோசிக்கும் காலம் இது. மறுபடி அலமாரியில் பூட்டிவிடுவதும் தவறு, பட்டறை நேரத்தைக் குறைத்து அதன் இடத்தில் திரையை வைப்பது அதைவிடப் பெரிய தவறு. அப்படிக் குறைத்தால் பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தப் பிள்ளைகளின் கை தெரியவில்லை.

திரையில் பழகிவிட்டுக் கை வைப்பதற்கு வீட்டு மின்சாரம் மட்டும் விதிவிலக்கு. டிங்கர்கேட்டில் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை மாட்டினால் அதன்மேல் ஒரு வெடிப்புக் குறி தோன்றும். அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அந்தத் துணிச்சல் 5 வோல்ட்டுக்கு நல்லது. 230 வோல்ட்டில் அது ஆளைக் கொன்றுவிடும். திரையில் நூறு முறை தீப்பிடித்து ஒன்றும் ஆகாமல் போன பழக்கத்தோடு ஒரு மாணவர் சுவர் சாக்கெட்டைத் திறக்கக் கூடாது. பவர் சப்ளையின் உள்பக்கம், பெரிய கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும் மின்னூட்டம், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பயிற்றுநரின் பக்கத்தில் நின்று, பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்த்தபின் தொடும் ஒழுங்கோடு மட்டுமே பழக வேண்டும். அந்தப் பயம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியது.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் பாடத்தின் வரிசை தானாகத் தெளிகிறது. மாணவர் முதலில் என்ன நடக்கும் என்று தாளில் எழுத வேண்டும். எழுதாமல் செயலியைத் திறந்தால் அது வெறும் வேடிக்கை. தான் நினைத்தது தவறென்று அவருக்குத் தெரியவே தெரியாது. பிறகு செயலியில் கட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் மேசையில். பட்டறைத் தாளில் இந்த மூன்றுக்கும் மூன்று பத்திகள் போடலாம். நான் முக்கியமாகக் கருதுவது நான்காவது பத்தி: செயலியில் வந்ததும் மேசையில் வந்ததும் ஏன் வேறுபட்டன?

555 சர்க்யூட்டில் 0.95-க்குப் பதில் 1.08 வினாடி வந்தால், மாணவர் கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் அளந்து “11.4 மைக்ரோஃபாரட், அதனால்தான்” என்று அங்கே எழுத வேண்டும். சிமிட்டவே இல்லையென்றால், எந்த முனையில் 3-க்கும் 6-க்கும் இடையிலான ஏற்ற இறக்கம் காணாமல் போனது என்று தேடி எழுத வேண்டும். பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு காலைத் தூக்கிவிட்ட பலகைகளைக் கொடுக்கலாம். செயலியிலும் கோளாறு வைத்த சர்க்யூட்டைச் சேமித்து அனுப்பலாம், முந்தின இரவு விடுதியில் படுத்தபடியே தேடிப் பழகட்டும். மறுநாள் அதே கோளாறு உள்ள பலகை கையில் வரும்போது எங்கே மீட்டரை வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போதைய செய்முறைத் தேர்வுகளில் சர்க்யூட் வேலை செய்தால் மதிப்பெண், செய்யாவிட்டால் இல்லை என்ற போக்கு அதிகம். வேலை செய்யாத சர்க்யூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது ஏன் வேலை செய்யவில்லை என்று சரியாகச் சொல்லும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பிறையிலும் பத்து காவானிலும் இரவு ஷிஃப்டில் அவரிடம் கேட்கப்போவதும் அந்தக் கேள்வியைத்தான்.